நகராட்சிச் செய்தியில் எது முடிந்த வேலை, எது வெறும் அறிவிப்பு?

தென்காசிப் பக்கம் ஒரு நகராட்சியைச் சொந்த ஊராகக் கொண்ட ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார்: "வேலைக்காக வெளியூரில் இருக்கிறேன், அப்பா அம்மா ஊரில். எங்கள் நகராட்சியில் ஒவ்வொரு பிரிவும் சமீபத்தில் என்ன செய்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? வாட்ஸ்அப்பில் தினமும் படம் வருகிறது, ஊருக்குப் போனால் தெரு அப்படியேதான் இருக்கிறது."

தகவல் எங்கே கிடைக்கும் என்று கேட்பது போல இருந்தாலும், கடைசி வரியில்தான் அவருடைய கேள்வி இருக்கிறது. வருகிற செய்தியில் எது முடிந்தது, எது நடந்துகொண்டிருக்கிறது, எது இனிமேல்தான் என்று பிரித்துப் பார்ப்பது எப்படி? அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். நெல்லைச் சீமையில் சில நகராட்சிகளில் எழுத்தராகத் தொடங்கி மேலாளராக ஓய்வு பெற்றவன் நான். மன்றக் கூட்டத்துக்கு அஜெண்டா தயாரித்தே பாதி காலம் போனது. அதனால் காகிதம் எப்படி நகர்கிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். தார் எத்தனை மில்லிமீட்டர் கனம் இருக்கவேண்டும் என்பதையெல்லாம் பொறியியல் படித்தவர்களிடம் கேளுங்கள்.

முதலில் ஒன்றைக் கழித்துவிடலாம். உங்களுக்கு வருகிற படங்களில் பல, நகராட்சி வேலையே இல்லை. அரசு மருத்துவமனை நகராட்சியின் கீழ் வராது. பஸ் ஓட்டுவது போக்குவரத்துக் கழகம், பஸ் நிற்கிற இடம்தான் நகராட்சியுடையது. மின்கம்பம் மின்வாரியத்துடையது, அதில் எரிகிற தெருவிளக்கு நகராட்சியுடையது. லைட் எரியவில்லை என்று புகார் சொன்னால் இரண்டு பேரும் எதிர்ப் பக்கம் கை காட்டுவதற்கு இதுதான் காரணம். நூலகத்துக்குத் தனி ஆணைக்குழு இருக்கிறது. சொத்து வரியோடு நூலக வரியை வசூலித்து அங்கே செலுத்துவது மட்டும்தான் நகராட்சியின் பங்கு. ஊருக்கு நடுவே போகிற பெரிய ரோடு பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது. அதில் இருக்கிற பள்ளத்துக்கு வார்டு கவுன்சிலர் அண்ணாச்சியைப் பிடித்துச் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை.

எல்லைக் குழப்பமும் உண்டு. 2024 டிசம்பரில் கேரள மருத்துவக் கழிவுகளை நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கொட்டிவிட்டுப் போன செய்தி நினைவிருக்கும். நெல்லை என்று தலைப்பில் வந்ததும் மாநகராட்சிதான் பொறுப்பு என்று நினைப்பது இயல்பு. ஆனால் அவை ஊராட்சிப் பகுதிகள். கடைசியில் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கேரளத் தரப்பே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. அதேபோல தென்காசி நகராட்சியும் குற்றாலமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் குற்றாலம் தனிப் பேரூராட்சி. சாரல் சீசனில் அங்கே நடக்கிற ஏற்பாடுகளுக்குத் தென்காசி நகராட்சியில் கணக்குக் கேட்க முடியாது. சுரண்டையும் களக்காடும் 2021-இல்தான் பேரூராட்சியிலிருந்து நகராட்சி ஆனவை. பேரூராட்சிகளுக்கு மேலதிகாரம் வேறு இயக்குநரகம் என்பதால், அந்த ஊர்க்காரர்கள் பழைய வேலையைப் பற்றிக் கேட்கும்போது அது எந்தக் காலத்துக் கோப்பு என்று சொல்லியே கேளுங்கள்.

மிச்சமிருக்கிற, நிஜமான நகராட்சி வேலைக்கு வருவோம். ஒரு தெருவுக்கு சிமென்ட் ரோடு போடுகிறார்கள் என்று வையுங்கள். முதலில் உதவிப் பொறியாளர், அதாவது ஏ.இ., எஸ்டிமேட் போடுவார். அது மன்றத்துக்குப் போய்த் தீர்மானம் ஆகவேண்டும். பிறகு நிர்வாக ஒப்புதலும் தொழில்நுட்ப ஒப்புதலும். தொகையைப் பொறுத்து இவை மண்டல அலுவலகம், சென்னை என்று மேலே போகும். அப்புறம் டெண்டர். டெண்டர் திறந்து, விலை ஒத்துவந்தால் ஒப்பந்தம் போட்டு காண்ட்ராக்டருக்கு வொர்க் ஆர்டர், அதாவது வேலையைத் தொடங்கச் சொல்லும் உத்தரவு, கொடுப்பார்கள். வேலை நடந்த பிறகு, நடந்த அளவை நேரில் அளந்து எம்-புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், எழுதுவார்கள். நீளம், அகலம், கனம் எல்லாம் அதில் இருக்கும். அதை வைத்துத்தான் பில். பில்லிலும் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, குறை வந்தால் காண்ட்ராக்டரே சரிசெய்து தரவேண்டிய காலம் முடிந்த பிறகே விடுவார்கள்.

இந்த வரிசையில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் செய்தி வரும். எஸ்டிமேட் போட்ட அன்றே "நிதி ஒதுக்கீடு" என்று வரும். தீர்மானம் போட்டதும் ஒருமுறை, ஒப்புதல் வந்ததும் ஒருமுறை, பூமி பூஜைக்கு ஒருமுறை, திறப்பு விழாவுக்கு ஒருமுறை. ஒரே ரோடு ஐந்து செய்தியாக வந்துவிடும், படிக்கிறவருக்கு ஐந்து ரோடு போட்ட மாதிரி இருக்கும். யாரும் இதில் பொய் சொல்லவில்லை. எல்லாமே நடந்த விஷயம்தான், ரோடு மட்டும் இன்னும் வரவில்லை. என் கணக்கில் இந்தப் படங்களிலேயே பூமி பூஜைப் படத்துக்குத்தான் மதிப்பு மிகக் குறைவு. வொர்க் ஆர்டர் கொடுத்த பிறகு பூஜை போட்டால் பரவாயில்லை. விருந்தினர் தேதி கிடைத்துவிட்டது என்பதற்காக டெண்டர் முடியும் முன்பே பூஜை போட்டு, அப்புறம் விலை படியாமல் மறு டெண்டர் போன கதைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே செய்தியைப் பார்த்ததும் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்று: வொர்க் ஆர்டர் எண்ணும் தேதியும் என்ன? அது இருந்தால் வேலைக்கு ஒரு ஆள் பொறுப்பாகிவிட்டார், கெடு ஓட ஆரம்பித்துவிட்டது. இல்லாவிட்டால் அது இன்னும் காகிதம்.

அஜெண்டாவைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் எல்லாவற்றையும்விட அதில் விஷயம் அதிகம். பொதுவாக மாதம் ஒருமுறை மன்றக் கூட்டம் நடக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே அலுவலகக் குறிப்பு இருக்கும்: எந்த வார்டு, எந்தத் தெரு, எவ்வளவு தொகை, எந்த நிதி. இந்த நிதி என்கிற இடத்தைக் கவனியுங்கள். "பொது நிதி" என்று இருந்தால் உங்கள் வரிப் பணத்திலிருந்து செய்கிறார்கள், நகராட்சியிடம் பணம் இருக்கிறதா என்பதைப் பொறுத்து வேலை நடக்கும். கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், அம்ருத் 2.0, தூய்மை இந்தியா 2.0 என்று இருந்தால் பணம் மேலிருந்து வரவேண்டும். நமக்கு நாமே என்றால் பொதுமக்களும் ஒரு பங்கு போடவேண்டும். 15-ஆவது நிதிக்குழு மானியம் 2021 முதல் 2026 வரைக்கானது. நம் ஊர்கள் அளவுள்ள நகரங்களுக்கு அதில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவழிக்க முடியும். "பணம் வந்ததே, எங்கள் தெருவுக்கு ஏன் ரோடு போடவில்லை" என்கிற சண்டைக்குப் பல சமயம் விடை இந்தச் சதவீதத்தில் இருக்கும்.

அஜெண்டாவில் இன்னொன்று, "அவசரம் கருதி ஆணையரின் முன் அனுமதியில் செய்யப்பட்டது, மன்றத்தின் பதிவுக்கு" என்கிற வகைப் பொருள்கள். மோட்டார் எரிந்தது, பைப் உடைந்தது என்றால் கூட்டம் வரை காத்திருக்க முடியாது, நியாயம்தான். ஆனால் ஒரே மோட்டார் ஒரு வருஷத்தில் நாலு தடவை எரிந்தால் அந்த மோட்டாரைப் பற்றி நிதானமாக விசாரிக்கவேண்டும்.

சுகாதாரப் பிரிவு விஷயத்தில் படத்தை நம்பவே கூடாது. புகை மருந்து அடிக்கிற படம் பார்க்க நன்றாக இருக்கும், பெரிய மெஷின், வெள்ளைப் புகை, பின்னால் ஓடுகிற பிள்ளைகள். அந்தப் புகை பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும், தண்ணீரில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. டெங்கு கொசு நல்ல தண்ணீரில் முட்டையிட்டு, ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிவிடும். அதனால்தான் வாரம் ஒருமுறை வீடு வீடாக வந்து தொட்டியைப் பார்த்து, அபேட் என்கிற புழுக்கொல்லி மருந்தை ஊற்றிவிட்டுப் போகவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அந்தக் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் உங்கள் வீட்டுக்கு வாரா வாரம் வருகிறார்களா? அம்மாவிடம் போனில் கேளுங்கள். அந்த ஒரு பதிலில் சுகாதாரப் பிரிவு எப்படி ஓடுகிறது என்று தெரிந்துவிடும். ஊரில் எங்கேயோ அடித்த புகையின் படத்தில் அது தெரியாது.

குப்பையும் அப்படித்தான். புது வண்டி வாங்கினால் செய்தி. அந்த வண்டி எத்தனை மணிக்கு உங்கள் தெருவுக்கு வருகிறது, மக்கும் குப்பையையும் மக்காததையும் தனித்தனியாக வாங்கிவிட்டு ஒரே தொட்டியில் போட்டுக் கலக்கிறார்களா என்பதுதான் வேலை. பிரித்து வாங்கவேண்டும் என்பது 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே வந்துவிட்டது. கலந்து போட்டால் கடைசியில் அது குப்பைக் கிடங்கில் மலையாகும், கோடையில் தீப்பிடிக்கும். ராமையன்பட்டிக் கிடங்கின் புகையை அறிந்த நெல்லைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கவேண்டாம். நாய்த் தொல்லைக்கு ஒரே வரிதான்: விலங்குகளுக்கான 2023 கருத்தடை விதிகளின்படி கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும். பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்ட் போன்ற வளாகங்களுக்கு மட்டும் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி உத்தரவு போட்டிருக்கிறது. "பிடித்துக்கொண்டு போய் எங்கேயாவது விடுங்கள்" என்று உங்கள் தெருவில் கேட்டால் அதிகாரியால் செய்ய முடியாது.

குடிநீரில் நகராட்சியின் கை எதுவரை என்று தெரியவேண்டும். தாமிரபரணிக் கரை ஊர்களுக்கு ஆற்றுக்குள் இருக்கும் உறைகிணறுகளிலிருந்து தண்ணீர். தள்ளியிருக்கும் பல ஊர்களுக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் கூட்டுக் குடிநீர்த் திட்டம். திட்டம் கட்டுவதும், பெரிய குழாயில் ஊர் வரை தண்ணீர் கொண்டுவருவதும் வாரியம். மேல்நிலைத் தொட்டியில் ஏற்றித் தெருவுக்கு விடுவது நகராட்சி. "பராமரிப்புப் பணி காரணமாக இரண்டு நாள் குடிநீர் வராது" என்று அறிவிப்பு வந்தால் அது யாருடைய குழாய் என்று முதலில் பாருங்கள். பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் நிரம்பியும் குழாயில் தண்ணீர் இல்லையே என்று ஒவ்வொரு வருஷமும் ஒருத்தர் கேட்பார். ஆற்றில் தண்ணீர் இருப்பது ஒன்று, கிணற்றிலிருந்து ஏற்றும் மோட்டாரும் தொட்டியின் கொள்ளளவும் வேறொன்று. வெள்ளத்தில் கிணறும் மோட்டாரும் மூழ்கி, ஊரெல்லாம் தண்ணீராக இருக்கும்போது குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனதை 2023 டிசம்பரில் தாமிரபரணிக் கரையில் பார்த்தோம்.

தரத்தைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. குளோரின் போட்ட தண்ணீரில், குழாயின் கடைசி வீட்டிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்கவேண்டும். சின்னச் சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரு சொட்டு மருந்து விட்டு, நிறத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இதற்குப் பதிவேடு உண்டு. உங்கள் வீடு குழாய் வரிசையில் கடைசிப் பக்கம் என்றால், வந்து பார்க்கச் சொல்லிக் கேட்க உங்கள் அப்பாவுக்கு உரிமை உண்டு. அதை யாரும் கேட்பதில்லை, அதனால் பல பதிவேடுகளில் ஒரே எண் மாதக்கணக்கில் இருக்கும்.

சாக்கடையும் கால்வாயும்தான் இந்தப் பக்கத்தில் பெரிய சிக்கல். கோடகன் கால்வாய், நெல்லைக் கால்வாய், பாளையங்கால்வாய் எல்லாம் பாசனக் கால்வாய்கள், நீர்வளத் துறையுடையவை. அவை ஊருக்குள் நுழையும்போது வீட்டுச் சாக்கடை அதில் கலக்கிறது, அது நகராட்சி அல்லது மாநகராட்சியின் பொறுப்பு. தூர்வாரினோம் என்று ஒரு துறை படம் போடும், அடுத்த மாதம் இன்னொரு துறையின் சாக்கடை அதை நிரப்பும். தாமிரபரணியில் கழிவு கலப்பது பற்றி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடந்து, 2024 நவம்பரில் நீதிபதிகளே நேரில் வந்து பார்த்தார்கள். செப்டிக் டேங்க் லாரியை இதோடு சேர்த்துப் பாருங்கள். அந்த லாரி உள்ளாட்சியிடம் உரிமம் வாங்கியிருக்கவேண்டும், சுத்திகரிப்பு இடத்தில்தான் கொட்டவேண்டும். ராத்திரி ஓடையில் கொட்டினால் வண்டி எண்ணோடு புகார் செய்யுங்கள். தொட்டிக்குள் ஆளை இறக்கினால் அது கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம், 14420 என்ற எண்ணில் சொல்லலாம்.

வருவாய்ப் பிரிவிலும் நகரமைப்புப் பிரிவிலும் செய்தி குறைவு, ஆனால் வெளியூரில் இருக்கிற உங்களுக்கு நேரடியாகப் பயன்படுவது இங்கேதான். சொத்து வரி அரையாண்டுக் கணக்கு: ஏப்ரல், அக்டோபர். தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். ஆன்லைனில் கட்டலாம். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டுவதற்கு 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்கிறது. இதற்கு இடைத்தரகர் யாரும் வேண்டாம்.

எந்த மாதத்துச் செய்தி என்பதையும் பாருங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வேலைகள் குவியும், நிதியாண்டு முடிவதற்குள் செலவு காட்டவேண்டும் என்பதற்காக. வடகிழக்குப் பருவமழை நமக்கு அக்டோபரில் தொடங்குகிறது. வடிகால் தூர்வாரும் வேலை செப்டம்பருக்குள் முடிந்திருக்கவேண்டும், நவம்பரில் தூர்வாருகிற படம் வந்தால் அது தாமதத்தின் படம். அதேபோல, 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை தேர்ந்தெடுத்த மன்றமே இல்லாமல் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களுக்கு ஐந்தாண்டுக் காலம். பதவிக்காலக் கடைசியில் அடிக்கல்லும் திறப்பு விழாவும் கூடுவது எந்தக் கட்சி இருந்தாலும் நடக்கிற விஷயம். அது வேலை நடக்கவில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது, வேகம் கூடியது என்பதற்கும் ஆகாது.

இதுவரை சொன்னதில் சட்டம், விதி, காகித வரிசை ஆகியவை உறுதியானவை. மாநிலம் முழுக்க ஒரே மாதிரி, 2023 ஏப்ரலிலிருந்து நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 1998-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம்தான் நடைமுறையில் இருக்கிறது. எந்த அதிகாரி எவ்வளவு தொகை வரை ஒப்புதல் தரலாம், எந்த வேலை எந்த மேசையில் என்பதெல்லாம் ஊரின் தரத்தைப் பொறுத்து மாறும். ஒரு குறிப்பிட்ட தெருவில் ஏன் வேலை நிற்கிறது என்று இங்கே உட்கார்ந்து யாரும் சொல்ல முடியாது. காண்ட்ராக்டருக்குப் பழைய பில் வராமல் இருக்கலாம், பாதாளச் சாக்கடைக்குத் தோண்டப் போகிறார்கள் என்று நிறுத்தியிருக்கலாம், இரண்டு கவுன்சிலருக்கு நடுவே தகராறாகவும் இருக்கலாம். கோப்பைப் பார்க்காமல் ஊழல் என்று எழுதிவிடாதீர்கள்.

கோப்பைப் பார்க்க வழி இருக்கிறது. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துக்கு மனு போட்டால் 30 நாளில் பதில் தரவேண்டும். பலர் "எங்கள் வார்டில் ஏன் ரோடு போடவில்லை" என்று எழுதுகிறார்கள். ஏன் என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேட்கவேண்டும். இப்படி எழுதுங்கள்: இந்த வார்டில், இந்த நிதியாண்டில், எடுத்துக்கொண்ட பணிகளின் பெயர், நிதியின் பெயர், மன்றத் தீர்மான எண், வொர்க் ஆர்டர் எண்ணும் தேதியும், முடிக்கவேண்டிய தேதி, இதுவரை வழங்கிய தொகை, எஸ்டிமேட், எம்-புக் பக்கங்கள் ஆகியவற்றின் நகல். "ஆவணங்களை நேரில் பார்வையிட விரும்புகிறேன்" என்றும் ஒரு வரி சேருங்கள். அந்தச் சட்டத்தின்படி ஆவணத்தை மட்டுமல்ல, வேலையையும் பார்வையிடலாம், போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியும் கேட்கலாம். இந்தக் கடைசி உரிமையை நம் ஊரில் பயன்படுத்துகிறவர் அபூர்வம். பதில் வராவிட்டால் அல்லது அரைகுறையாக வந்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

எம்-புக் நகல் கையில் வந்ததும் அப்பாவை ஒரு டேப்போடு தெருவுக்கு அனுப்புங்கள். நீளம் அகலம் அளப்பது சுலபம். பழைய ரோட்டின் மேலேயே போட்டு வீட்டு வாசலைப் பள்ளமாக்கியிருக்கிறார்களா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போடவேண்டும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளரின் அறிவுறுத்தல் இருக்கிறது. எஸ்டிமேட்டில் சுரண்டுவதற்குத் தனியாகத் தொகை போட்டிருந்து, தெருவில் சுரண்டாமல் இருந்தால், எஸ்டிமேட், எம்-புக் நகல்கள் இரண்டையும் இணைத்து ஆணையருக்கு ஒரு கடிதம், நகல் மண்டல இயக்குநருக்கு. ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதற்குக் கோப்பு எண் விழாது.